உன் கிளினிக் கொப்பியில் ஒரு பொய்

சுதா,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப்போவதில்லை. நேற்று போனில் நீ கூப்பிட்ட ஒரு சொல்லிலேயே மூக்கு இரண்டும் அடைத்துக் கிடப்பது தெரிந்துவிட்டது. மூக்கடைத்தால் நீ அம்மா என்பதும் அப்பா என்றுதான் கேட்கும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பிள்ளை மடுவத்தில், கொழுந்தெடுக்கப் போன தாய்மார் விட்டுப்போன பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, வரவு எழுதும் பெரிய கொப்பியின் பின்பக்கத் தாள்களைக் கிழித்து எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை உங்கப்பா கொழும்புக்கு வரும்போது கையில் கொடுத்தனுப்புவேன். உறையை ஒட்டவில்லை. பஸ் பலாங்கொடையைத் தாண்டுவதற்குள் அவர் பிரித்து வாசித்துவிடுவார், முப்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா? வாசிக்கட்டும். நீ வாசித்த பிறகு மாப்பிள்ளையிடம் கொடு. அவருடைய அம்மாவும் வாசிக்கட்டும். முக்கியமாக அந்த அம்மா வாசிக்கட்டும்.

நேற்று நீ சொன்னதை நான் சரியாகத்தான் விளங்கிக்கொண்டேனா என்று பார். "புது டாக்டர் என்னோட பழைய கிளினிக் கொப்பிய முழுக்கப் பார்த்தாரும்மா. அப்ப பன்னண்டு வாரம் விட்டமின் டி குடிச்சும் ரத்தத்துல ஏறவே இல்லன்னு அதுல எழுதியிருக்கு. இப்ப டெஸ்ட் பண்ணதுலயும் கொறவுதான். அப்படின்னா சாப்பிடுறது ஒடம்புல சேரல, கொடல்ல ஏதோ கோளாறு இருக்கலாம்னு சொல்றாரு. புதன்கிழம பகலைக்கு வாயால கொழா விட்டுப் பார்க்கப்போறாங்க. அது தெரிஞ்ச பொறகுதான் மூக்கு ஆப்பரேசனுக்கு நாள் குடுப்பாங்களாம்." இவ்வளவும் சொல்லிவிட்டு, போனை வைக்கப்போகும்போது சம்பந்தியம்மா கேட்டதையும் சொன்னாய். "மூக்குன்னுதானே சொன்னீங்க, இப்ப வயிறும் சேர்ந்துருச்சா?" என்று கேட்டார்களாம். தை மாதத்துக்குக் கல்யாண மண்டபம் பார்க்கப் போனவர்கள் இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லையாம். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். உன் சிரிப்பை நான் நம்பவில்லை.

உன் குடலில் கோளாறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கொப்பியில் இருக்கும் அந்த வரி பொய். வாரத்துக்கு ஒன்றாக எழுதித்தந்த அந்தப் பன்னிரண்டு குளிசைகளில் ஒன்றைக்கூட நீ குடிக்கவில்லை, சுதா. பன்னிரண்டையும் குடித்தவள் நான். நேற்றே போனில் சொல்லியிருக்கவேண்டும். வாய் வரவில்லை. "சரி மகளே, கவனமா இரு" என்று சொல்லி வைத்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். உங்கப்பா என்னவென்று கேட்டதற்கு வெங்காயம் என்றேன். பக்கத்தில் வெங்காயமே இல்லை.

நான் சந்தேகக்காரி என்பது தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம். கடையில் பால்மா பக்கெட்டைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். கோயிலில் சாமி வந்து ஆடினால் எல்லோரும் முகத்தைப் பார்த்துக் கும்பிடுவார்கள், நான் காலைப் பார்ப்பேன், உண்மையாகவே நடுங்குகிறதா என்று. உங்கப்பா "இன்னைக்கு ரசம் நல்லாருக்கு புள்ள" என்று சொன்னால், என்ன வேண்டும் என்று கேட்பேன். பெரும்பாலும் ஏதாவது வேண்டித்தான் இருந்திருக்கிறது. அதனால் என் குணம் எனக்குப் பலதடவை கைகொடுத்திருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தத் தைரியத்தில்தான் இந்தப் பெரிய தப்பையும் செய்தேன்.

உனக்குப் பீனிசம் தொடங்கியது பதின்மூன்று வயதில். அதற்கு முன்பெல்லாம் உங்கப்பா தேயிலை ஃபெக்டரியிலிருந்து வந்ததும் அவர் சட்டையில் மூக்கை வைத்து, "இன்னைக்கு அப்பா ட்ரையர்ல நின்னாரு" என்று கண்டுபிடித்துச் சொல்வாய். ஒருநாள் அந்த விளையாட்டு நின்றுபோனது. விடிந்தால் தும்மல், பிறகு அடைப்பு, பிறகு தொண்டைக்குள் சளி இறங்குவது, குனிந்து கூட்டினால் நெற்றி வெடிக்கிறது என்று அழுவாய். மஞ்சளைச் சுட்டுப் புகை பிடித்தோம், கொத்தமல்லித் தண்ணீர் காய்ச்சினோம், டிஸ்பென்சரியில் கொடுத்த சொட்டு மருந்தை ஊற்றினோம். பனி பட்டால்தான் கூடுகிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். வெயில் ஏறும் வரை உன்னை வெளியே விடவில்லை. வெயில் ஏறிய பிறகு, கறுத்துப்போவாய் என்று விடவில்லை. கைநீளச் சட்டை, குடை, பள்ளிக்கூடம் விட்டால் வீடு. இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மலையில் வேகிறவர்களின் நிறம் என் மகளுக்கு வரக்கூடாது, யாரும் உன்னைப் பார்த்ததும் கொழுந்தெடுக்கிறவள் என்று சொல்லிவிடக்கூடாது என்ற நினைப்பு எனக்குள் இருந்தது. என் அம்மா கொழுந்தெடுத்துத்தான் என்னைப் படிக்கவைத்தாள். இருந்தும் அப்படி நினைத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஓ.எல். பரீட்சை எழுதிய வருடம் உன்னை இரத்தினபுரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் மூக்குக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, இரண்டு பக்கமும் சதை வளர்ந்திருக்கிறது, ஆபரேஷன் செய்துதான் எடுக்கவேண்டும் என்றார். இரத்தமும் எடுக்கச் சொன்னார். அடுத்த தடவை போனபோது அந்த ரிப்போர்ட் துண்டைப் பார்த்துவிட்டு, "அவ்வ மதி" என்றார். வெயில் போதாதாம்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்கு தலைமுறையாக வெயிலில் காய்ந்த கூட்டத்தைப் பார்த்து வெயில் போதாது என்கிறாரே, இந்த மனிதர் என்னத்தைப் படித்தார் என்று நினைத்தேன். நான் நினைத்தது முகத்தில் தெரிந்திருக்கவேண்டும். அவர் பொறுமையாகச் சிங்களத்தில் விளக்கினார். வெயிலில் கிடைக்கிற இந்த விட்டமின் டி குறைந்ததால்தான் பீனிசம் வந்தது என்று அவர் சொல்லவில்லை, இதைக் குடித்தால் சதை கரைந்துவிடும் என்றும் சொல்லவில்லை. இந்த மாதிரி மூக்கில் சதை வளர்ந்தவர்களில் நிறையப் பேருக்கு இது குறைவாக இருப்பதைப் பார்த்திருக்கிறோம், எது எதனால் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, எப்படியும் எலும்புக்கும் உடம்புக்கும் இது வேண்டும், ஆகவே ஏற்றிவிடுவோம் என்றார். இன்று யோசித்தால், என் வாழ்நாளில் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒரே டாக்டர் அவர்தான். அன்றைக்கு எனக்கு அது எப்படிப் பட்டது தெரியுமா? எதற்கென்று உறுதியாகத் தெரியாத மருந்தை எதற்கு என் பிள்ளைக்குக் கொடுக்கிறார்?

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எழுதிக்கொண்டே உன்னிடம், மாதாமாதம் ஒழுங்காகத் தீட்டு வருகிறதா என்று கேட்டார். நீ வெட்கப்பட்டுத் தலையை ஆட்டினாய். மூக்குக்கு வந்த பிள்ளையிடம் அதை ஏன் கேட்கவேண்டும்? உனக்கு இரத்தமும் குறைவாக இருந்தது, அதற்குத்தான் கேட்டிருப்பார் என்று இப்போது புரிகிறது. அப்போது அந்தக் கேள்வியில் பயந்துபோனேன். பார்மசியில் தாள் உறையில் போட்டுத் தந்தார்கள். நீ பஸ்ஸில் இடம் பிடிக்க முன்னால் போயிருந்தாய். நான் பிரித்துப் பார்த்தேன். பழுப்பு நிறத்தில், உள்ளே எண்ணெய் தெரிகிற பன்னிரண்டு சின்ன முட்டைகள். "சதியக்கட்ட எக்காய், அக்கே" என்றாள் கொடுத்த பெண். வாரத்துக்கு ஒன்று மட்டும். காய்ச்சல் குளிசை நாளுக்கு மூன்று, புழுக் குளிசை ஒரேயொரு தடவை. ஞாயிற்றுக்கு ஞாயிறு குடிக்கிற குளிசையை நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

நான் ஏன் அப்படிப் பயந்தேன் என்பதற்கு, உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும். எனக்கு ஏன் தம்பி இல்லை என்று சின்ன வயதில் நீ கேட்கும்போதெல்லாம், சாமி குடுக்கல என்று சொல்லியிருக்கிறேன். சாமி பாவம், அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உனக்கு முன்னால் ஒரு ஆண்பிள்ளை பிறந்து நாலு நாளில் போய்விட்டான் என்பது உனக்குத் தெரியும். நீயும் அவனைப்போல வயிற்றைக் கிழித்துத்தான் பிறந்தாய். தள்ளிக்கொண்டு போகிற கட்டிலில் நான் வலியில் கிடக்கும்போது சிங்களத்தில் எழுதிய ஒரு தாளை நீட்டினார்கள். "ஒப்பத்தப் போடுங்க, எல்லாம் ஒங்க நல்லதுக்குத்தான்" என்றாள் கூட வந்த பெண். சிங்களம் எனக்குத் தண்ணீர்பட்டபாடு, சந்தையில் சண்டையே பிடிப்பேன். வாசிக்கத்தான் தெரியாது. பட்டாசு வெடித்ததுபோல உன் அழுகை கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் எனக்கு அப்போது வேண்டியிருந்தது, கையெழுத்தைப் போட்டேன். ஆறு மாதம் கழித்து மிட்வைஃப் நோனா என் அட்டையைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள், "ஒங்களுக்குத்தான் கட் பண்ணியாச்சே, இனிப் புள்ள உண்டாகுமேன்னு பயமில்ல." இருபத்தைந்து வயது எனக்கு. என் உயிரைக் காப்பாற்றத்தான் செய்திருப்பார்கள் என்று உங்கப்பா சொல்வார். இருக்கலாம். என்னிடம் வாயைத் திறந்து கேட்டிருந்தால் நானே சரி என்றிருப்பேனோ என்னவோ. கேட்கவில்லையே!

அதனால்தான் அந்த எண்ணெய் முட்டைகளைப் பார்த்ததும், இது என் மகளின் கர்ப்பப்பைக்கு வைக்கிற உலை என்று என் புத்தி போனது. தூக்கி எறிய மனம் வரவில்லை, ஒருவேளை நல்ல மருந்தாகவும் இருந்தால்? எனக்கு ஒரு யோசனை வந்தது. என்னிடம் இனிக் கெடுவதற்கு ஒன்றும் இல்லை. நானே முதலில் நாலு வாரம் குடித்துப் பார்க்கிறேன், ஒன்றும் ஆகாவிட்டால் மிச்சத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். டிஸ்பென்சரியில் எதற்கெடுத்தாலும் தருகிற மஞ்சள் விட்டமின் குளிசை வீட்டில் ஒரு போத்தல் இருந்தது. நீ எண்ணிப் பார்த்தாலும் தெரியாதபடி, அதில் பன்னிரண்டை எண்ணி அந்த உறைக்குள் போட்டேன். ஞாயிறு காலையில் சோறு சாப்பிட்டதும் உன் கையில் மஞ்சளைக் கொடுப்பேன். நீ முகத்தைச் சுளித்து, வாயைத் திறந்து காட்டுவாய், முழுங்கிவிட்டேன் என்று. அப்புறம் நான் குளிக்கிற இடத்துக்குப் போய் முட்டையை முழுங்குவேன். முதல் ஞாயிறு முழுக்க நெஞ்சு படபடவென்று அடித்தது. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தேன், அது வெறும் பயம்.

நாலு வாரம் ஓடியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாவது ஞாயிறு உனக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தேன். அந்த வாரம் பார்த்து உனக்குத் தீட்டு ஐந்து நாள் தள்ளிப்போனது. குளிசையே குடிக்காத பிள்ளைக்குத் தள்ளிப்போயிருக்கிறதே என்று மூளை உள்ளவள் யோசித்திருப்பாள். நான், குடிக்காமலே இப்படியென்றால் குடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். ஐந்தாவதையும் நானே முழுங்கினேன். எட்டாவது வாரம் வாக்கில், மடுவத்துக்கு ஏறும்போது தொடையில் குத்துகிற பழைய வலி குறைந்தமாதிரி இருந்தது. மருந்தாலா, சும்மாவா, யாருக்குத் தெரியும். நான் அதையும் சந்தேகப்பட்டேன். இவ்வளவு சீக்கிரம் வலி குறைகிறதென்றால் இதற்குள் என்னமோ போட்டிருக்கிறார்கள்! இப்படித்தான் பன்னிரண்டும் முடிந்தது.

இதில் பெரிய கொடுமை என்ன தெரியுமா? அதே மாதத்தில் மடுவத்துப் பிள்ளைகளுக்குப் புழுக் குளிசை கொடுக்கிற நாள் வந்தது. ஒரு தாய் தன் பிள்ளைக்கு வேண்டாம் என்று மடியில் ஒளித்து வைத்துக்கொண்டாள். "என்னான்னு தெரியாம எப்பிடிக்கா குடுக்குறது?" என்று கேட்டாள். "நான் சொல்றேன் குடு. படிக்காத சனம் மாதிரிப் பேசாத" என்று நாலு பேர் முன்னால் ஏசினேன். அவள் கேட்கவாவது செய்தாள். நான் கேட்கவில்லை. டாக்டரிடம், "இது பிள்ள பெறுறதத் தடுக்குற மருந்தா?" என்று ஒரு வரி கேட்டிருந்தால், இல்லை என்று ஒரு வரியில் சொல்லியிருப்பார். நம்பியிருப்பேனோ இல்லையோ, இன்னொருவரிடமாவது கேட்டிருப்பேன். கேட்டால் என் கதை உனக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். என் மானத்தைக் காப்பாற்ற உன் மருந்தைத் தின்றேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி இரத்தம் பார்த்தார்கள். ஒரு பொட்டுக்கூட ஏறவில்லை. டாக்டர் உன்னைப் பார்த்து, எல்லாம் குடித்தாயா என்று கேட்டார். "ஒண்ணு விடாமக் குடிச்சேன் டாக்டர், அம்மாதான் தந்தாங்க" என்றாய். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் குனிந்து அந்தக் கொப்பியில் எழுதினார். என்ன எழுதுகிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது. பதினொரு வருடமாக நீ அதை பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறாய், நேற்றுத்தான் எனக்கு வாசித்துக் காட்டினாய். அவர் அதற்கு மேல் அந்த மருந்தைப் பற்றிப் பேசவில்லை. ஆபரேஷன் செய்து சதையை எடுத்தார்கள். ஒரு வருடம் நன்றாக இருந்தாய். கருவாடு பொரித்தால் பக்கத்து லயத்து வீட்டிலிருந்தே கண்டுபிடித்தாய். இரண்டாம் வருடம் மறுபடி அடைக்கத் தொடங்கியது. குடித்திருந்தால் திரும்ப வந்திருக்காதா? குடித்தும் வந்திருக்குமா? எந்த டாக்டராலும் இதைச் சொல்ல முடியாது. யாரையும் எதையும் சந்தேகப்பட்டுப் பழகிய எனக்கு, என்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டவேண்டும் என்று ஆகிவிட்டது. நான்தான் கெடுத்தேன் என்று அழவும் முடியவில்லை, நான் கெடுக்கவில்லை என்று தூங்கவும் முடியவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தியம்மா நெய்ச்சோற்றை உன் முன்னால் வைத்து, "வாசம் எப்படி?" என்று கேட்டார்கள். "சூப்பரா இருக்கு மாமி" என்றாய். உனக்கு ஒரு வாசமும் வரவில்லை என்பது எனக்குத் தெரியும், கரண்டி முகத்தருகே வருவதற்கு முன்பே பதில் சொல்லிவிட்டாய். அந்தப் பொய்யை நீ யாரிடம் பழகினாய் என்று நான் யாரையும் கேட்கவேண்டியதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டு அடுப்படியில் காஸ் கசிந்தால்கூட உனக்குத் தெரியாது, சுதா. அவர்களுக்குச் சொல்லிவிடு. மூக்கில் சதை இருக்கிறது, வாசம் தெரியவில்லை, குளிசை குடிக்காதது என் அம்மாவின் வேலை என்று மூன்றையும் சேர்த்தே சொல். இதைக் கேட்டுவிட்டும் அவர்கள் முகம் சுளித்தால், நல்லவேளை தைக்கு முன்னால் சுளித்தார்கள் என்று நினைத்துக்கொள். மாப்பிள்ளை அப்படிச் சுளிக்கிற ஆள் இல்லை என்று என் மனம் சொல்கிறது. என் மனம் ஒருவரைப் பற்றி நல்லது சொல்வது அபூர்வம் என்பது உனக்கே தெரியும்.

புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை, இருந்தாலும் தாய் எழுதும் கடிதத்தில் அது இல்லாமல் இருக்காது. சந்தேகப்படாதே என்று நான் சொல்லமாட்டேன், நம் சனம் சந்தேகப்படக் காரணம் இருக்கிறது. ஆனால் சந்தேகம் வந்தால் அதை வாய்விட்டுக் கேள். எந்த பாஷை வருகிறதோ அதில் கேள். விளங்கவில்லை என்றால் திரும்பக் கேள், அவர்கள் எரிந்து விழுந்தால் விழட்டும். மனசுக்குள்ளேயே வைத்து நீயே தீர்ப்புச் சொல்லிவிடாதே. புது டாக்டர் மறுபடி அந்தக் குளிசையை எழுதித் தந்தால் பார்மசிக்கு நீயே போ, நீயே உறையைப் பிரி, நீயே போட்டுக்கொள். யார் கையிலிருந்தும் வாங்காதே, என் கையிலிருந்தும் வாங்காதே. அந்த ஏசி ஆபீசிலிருந்து பகலில் கொஞ்சம் வெளியே வந்து நில். கறுத்தால் கறுத்துவிட்டுப் போ.

உங்கப்பாவோடு செவ்வாய்க்கிழமை நான் வரவில்லை. நீ இதை முதலில் தனியாக வாசிக்கவேண்டும், என்னை ஏசவேண்டும் என்றால் முகத்துக்கு முன்னால் நான் இல்லாமல் ஏசவேண்டும். வாங்க என்று ஒரு சொல் சொன்னால் புதன்கிழமை முதல் பஸ்ஸில் ஏறிவிடுவேன். வராதீங்க என்றாலும் பரவாயில்லை, டாக்டரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடு. குழாய் விடவேண்டுமா இல்லையா என்று அதற்குப் பிறகு அவர் முடிவு செய்யட்டும். பழைய வரியை வெட்டிவிட்டு, குளிசை அம்மா குடித்தது, பிள்ளை குடிக்கவில்லை என்று கொப்பியில் எழுதச் சொல். எழுதியதற்குக் கீழே என் கையெழுத்து வேண்டும் என்றால் போடுகிறேன். சிங்களத்தில் இருந்தால் நீ எனக்கு வாசித்துக் காட்டு, பிறகு போடுகிறேன்.

அம்மா